இரண்டு மலையும் நடுவில் ஒரு சூரியனும்

எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் மலை தெரியாது. கும்பகோணத்திலிருந்து வண்டியில் இருபது நிமிடம். வயல், தென்னை, ஒரு செல்போன் டவர், ஊர்க் கோவிலின் சின்னக் கோபுரம். உயரமென்று சொல்ல அவ்வளவுதான். தரையில் கொஞ்சம் மேடாக இருப்பது ஆற்றங்கரை மட்டும். ஆனால் ஆறாம் வகுப்புக்குள் போய் "என்ன வேணும்னாலும் வரைங்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளில் முப்பது பேராவது இரண்டு மலை போட்டுவிடுவார்கள். நடுவில் பாதிச் சூரியன். மலையிடுக்கிலிருந்து இறங்கி வரும் ஆறு. ஒரு ஓரத்தில் வீடு, இன்னொரு ஓரத்தில் சாய்ந்த தென்னை, மேலே டிக் அடித்த மாதிரி நாலு பறவை. நீங்களும் வரைந்திருப்பீர்கள். கையில் இப்போது பென்சில் கொடுத்தாலும் அதைத்தான் வரைவீர்கள்.

"மலை எங்கடா இருக்கு?" என்று ஒருவனிடம் கேட்டேன்.

"படத்துல சார்" என்றான். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை.

நான் ட்ராயிங் சார். ஊரில் என் பெயர் தெரிந்தவர்கள் குறைவு, பெற்றோர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தேன். விடிகாலை நாலரைக்கு எழுந்து ஏழு மணி வரை என் வேலை, அதாவது வாட்டர்கலர். மார்கழியில் ஒரு வாஷ் காய்வதற்குள் காபி குடித்து, பேப்பர் படித்து, வாசல் கோலத்தையும் பார்த்துவிட்டு வரலாம். சித்திரையில் பிரஷ்ஷை எடுப்பதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். பருத்திக் காகிதம், 300 ஜிஎஸ்எம், வாங்குகிற விலைக்கு ஒரு தாளை நாலாகக் கிழித்துத்தான் பயன்படுத்துவேன். சரியாக வராத படத்தின் பின்பக்கம் இன்னொரு படத்துக்கு. ஏழு மணிக்கு மேல் நான் ஓவியன் இல்லை. குளிக்கணும், டிபன் பாக்ஸ் கட்டணும், வண்டியை எடுக்கணும்.

பள்ளியில் ஓவிய ஆசிரியருக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பது மூன்றாவது வேலை. கையெழுத்து நன்றாக இருப்பதால் சான்றிதழ்களில் பெயர் எழுதுவது முதல் வேலை. ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோல் எழுத்து வெட்டுவது இரண்டாவது. மிச்சமிருக்கும் பீரியட்டுகளிலும், தேர்வு நெருங்கிவிட்டால் கணக்கு டீச்சர் வகுப்பு வாசலில் நின்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். பிள்ளைகள் "போகாதீங்க சார்" என்று கத்துவார்கள். ஒரு ஆசிரியருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் யாரும் எழுதித் தர முடியாது.

கல்லூரியில் எங்களுக்குச் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: பார்த்து வரை. பானையைப் பார், துணி மடிப்பைப் பார், தெருவைப் பார். அதே பழக்கத்தில் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிப் பென்சிலால் அளக்கச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே செய்தார்கள். தண்ணீர்த் தொட்டி வந்தது, குழாய் வந்தது, சத்துணவுக் கூடம் வந்தது. எல்லாம் முடித்துவிட்டு, இடம் காலியாக இருக்கிறதே என்று சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இரண்டு மலையும் போட்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் அந்தப் படத்தை முதன்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். தப்பாக நினைக்காதீர்கள், அது கெட்டிக்காரப் படம். தூரத்தில் குறுகலாகத் தொடங்கும் ஆறு கிட்டே வரவர அகலமாகிறது. பெர்ஸ்பெக்டிவ் என்று நான் எட்டாம் வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுப்பதை அக்கா தம்பிக்கு ஒரு நிமிடத்தில் கடத்திவிடுகிறாள். சூரியனை மலை பாதி மறைக்கிறது. எது முன்னால், எது பின்னால் என்ற பாடமும் முடிந்தது. எந்தப் புத்தகமும் இல்லை, சிலபஸ் இல்லை. கோலம் போல, பாண்டியாட்டம் போல, பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அதை அவர்கள் வரைவதில்லை, எழுதுகிறார்கள் என்றுகூடத் தோன்றும். 'அ' எழுதுகிற மாதிரி.

மலை இல்லாத ஊரில் மலை வைப்பதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. சுவாமிமலைக்குப் போயிருக்கிறீர்களா? முருகன் உட்கார மலை வேண்டுமே என்று கட்டியெழுப்பிய கட்டுமலை அது. தமிழ் வருடங்களின் பெயரில் அறுபது படிகள். தஞ்சாவூர்ப் பெரிய கோவில் விமானத்துக்குக் கல்வெட்டில் தட்சிணமேரு என்றே பெயர். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த மலை. எங்கள் ஆறாம் வகுப்பில் அதே வேலை கிரேயானில் நடக்கிறது.

என்னிடமும் ஒரு மலை உண்டு. கோபுரம். கும்பகோணத்து வாட்டர்கலர்காரனிடம் ஜனங்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். மகாமகக் குளக்கரை, காலை வெயில், மழை விட்ட தேரடித் தெரு, சைக்கிளில் ஒரு பால்காரர். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். குளம் வறண்ட மாதத்தில் வரைந்தாலும் தண்ணீர் வைப்பேன். தண்ணீரில் பிம்பம் விழாத கோபுரத்தை வரவேற்பறையில் மாட்ட யாரும் வாங்குவதில்லை. வருடத்துக்கு ஏழெட்டு விற்றால் காகிதச் செலவும் பெண்ணின் ஸ்கூல் வேன் கட்டணமும் தேறிவிடும். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடிருந்த ஓவியர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை உருவாக்கியபோது, பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், பிறகு மனம்போல் வரைந்தார்கள். எனக்குக் கோபுரம்தான் பத்திக்.

போன மார்ச் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீர் சேமிப்பு பற்றி ஒரு ஓவியப் போட்டி. பள்ளிக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். இந்த மாதிரிப் போட்டிக்கென்றே பிள்ளைகளிடம் ஒரு தனி மலை இருக்கிறது: ஒரு பாதி பச்சையாகவும் மறுபாதி வெடித்தும் இருக்கும் பூமி உருண்டை, அதைத் தாங்கும் இரண்டு கை, குழாயிலிருந்து விழும் கடைசிச் சொட்டு, சொட்டுக்குள் அழுகிற முகம். பதினைந்து படம் வந்தது, பதினாலு அப்படித்தான்.

பதினைந்தாவது, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொடுத்தது. வழக்கமான இரண்டு மலை, வழக்கமான சூரியன், நடுவிலிருந்து இறங்கும் ஆறு. ஆனால் ஆறு முழுக்கப் பிரவுன். அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் தாள் மினுமினுத்தது. ஆற்றுக்குள் மூன்று குச்சி நட்டு ஸ்டம்ப், மட்டையோடு ஒரு பையன், பந்து பொறுக்க ஓடும் இன்னொருவன், குறுக்கே ஒரு மாடு. கரையில் வீடு, தென்னை, பறவை, எல்லாம் அததன் இடத்தில்.

"ஆத்துக்கு ஏம்மா இந்தக் கலர்?"

"தண்ணி இல்லையே சார். எப்படி நீலம் அடிக்கிறது?"

"அப்ப மலை மட்டும் இருக்கா?"

"மலை இருக்கும் சார். தண்ணிதான் இன்னும் வரல."

ஜனவரி 28-இல் மேட்டூரை மூடி, ஜூன் 12-இல் திறப்பது வழக்கமான கணக்கு. திறப்பதும் மூடுவதும் அணையில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்து முன்னே பின்னே போகும். நடுவில் இருக்கும் மாதங்களில் எங்கள் அரசலாறு ஒரு மைதானம். அவள் வீடு கரையோரம்தான். காவிரி குடகு மலையில் பிறக்கிறது என்று எல்லோரையும்போல அவளும் மனப்பாடம் செய்திருக்கிறாள். ஆனால் அந்தப் பாடத்தைத் தன் வீட்டு வாசலோடு சேர்த்துப் போட்டவள் அவள் ஒருத்திதான். இத்தனை வருடம் எத்தனை ஆயிரம் மலை பார்த்திருப்பேன், இந்த ஆறு அந்த மலையிலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஆசிரியர் அறையில் படத்தைக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா கலர் கம்மியா இருக்கே" என்றார்கள். "கிரிக்கெட் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். பூமி உருண்டையை அனுப்பினால் ஆறுதல் பரிசாவது வரும் என்பது எல்லோருடைய கணிப்பு, என்னுடையதும். எனக்கு வேறொரு தயக்கம். போட்டிக்குப் போகும் படங்கள் திரும்பி வருவதில்லை. எங்கே போகின்றன என்று யாரையும் கேட்கவும் முடியாது. அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அனுப்பினால் படம் கையை விட்டுப் போய்விடும், வீட்டில் வைத்துக்கொள்கிறாயா என்றேன்.

"அனுப்புங்க சார். நான் வேற போட்டுக்குறேன்."

விற்க மனசு வராத பதினோரு படங்களைச் செய்தித்தாளில் சுற்றி, ரசகற்பூரம் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பூஞ்சை பார்ப்பேன். இவள் நான் பதில் சொல்வதற்குள் கோகோ விளையாட ஓடிவிட்டாள்.

படத்தை அனுப்பினோம். பரிசு கிடையாது, படமும் வரவில்லை. என் போனில் ஒரு புகைப்படம் இருக்கிறது, ஜன்னல் வெளிச்சத்தில் அவசரமாக எடுத்தது.

இப்போது விடிகாலையில் மணல்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். மணல் பிரவுன் இல்லை. மஞ்சள் ஓக்கரை நிறையத் தண்ணீர் விட்டுப் பரப்பி, அது காய்வதற்குள் பர்ன்ட் சியன்னாவைத் தொட்டு விட்டு, மாட்டுக் குளம்புப் பள்ளங்களில் கொஞ்சம் அல்ட்ராமரைன் கலந்தால் கிட்டே வருகிறது. தண்ணீரை வரைவது சுலபம், காகிதத்தை வெள்ளையாக விட்டால் பாதித் தண்ணீர் வந்துவிடும். மணலுக்கு அப்படி எந்தக் குறுக்குவழியும் இல்லை. கால்தாள் மூன்று வீணாகி, பின்பக்கமும் தீர்ந்து, நாலாவது பலகையில் இருக்கிறது. வழக்கமாக வாங்குகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "கோபுரம் எங்க சார்?" என்றார். இதில் கோபுரம் வராது என்று சொன்னேன். மலைக்குத்தான் இடம் விட்டிருக்கிறேன். அதை எந்த நிறத்தில் போடுவது என்று தெரியவில்லை.