அறுப்பதும் தேய்ப்பதும்

பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் சென்ற ஆண்டு நான்கு மாதங்கள் களப்பணி செய்தேன். மொழியியல் முதுகலை முடித்தவளுக்கு எந்திரங்களிடையே என்ன வேலை என்று பலர் கேட்டனர். பட்டறைப் பேச்சில் வழங்கும் வினைச்சொற்களைத் தொகுப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. இயந்திரப் பொறியியலில் ஆய்வு செய்யும் தோழி ஒருத்தி அங்கே தன் சோதனைகளை நடத்திவந்தாள். அவள் வழியாகவே எனக்கும் இடம் கிடைத்தது.

அவளுடைய கேள்வி இதுதான்: 6061 அலுமினியத்தில் 10 மி.மீ. துளையிடும்போது உட்சுவர் வழவழப்பாக அமைய எந்திரத்தை எப்படி அமைக்க வேண்டும்? சுழல்வேகம், ஒரு சுற்றுக்கு டிரில் இறங்கும் அளவாகிய ஃபீட், முனைக்கோணம் என மூன்று காரணிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். எல்லாச் சேர்க்கைகளையும் பார்க்க 27 சோதனைகள் வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தாகுச்சியின் முறையில் ஒன்பது போதும். 10 மி.மீ. தகட்டில் ஒன்பதையும் முடித்தாள். மிக உயர்ந்த வேகம், மிகக் குறைந்த ஃபீட், அதாவது 2000 சுற்று, 0.05 மி.மீ. என்று விடை வந்தது. ஃபீட் குறைந்தால் கருவியின் தடம் ஆழம் குறையும் என்ற பாடநூல் கருத்தோடும் அது ஒத்துப்போயிற்று.

எந்திரத்தை இயக்கிய தருமபுரி அண்ணன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்த ஃபீட்ல அது அறுக்காதும்மா, தேய்க்கும்.”

தோழி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நான் குறித்துக்கொண்டேன், ‘துளையிடு’ என்பதன் கீழ் இரண்டு ஒருபொருட்சொற்களாக.

உறுதிப்படுத்தும் சோதனை 40 மி.மீ. கட்டியில் நடந்தது. பாதி ஆழத்தில் எந்திரம் கீச்சிடத் தொடங்கியது. எங்களுக்கு அது வெறும் இரைச்சல்; அவரோ உடனே டிரில்லை மேலே எடுத்தார். ஒடியாத மெல்லிய சீவல் டிரில்லைச் சுற்றிக்கொண்டு துளைச்சுவரைக் கீறியிருந்தது. ஃபீட்டைக் கூட்டி, சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை டிரில்லை வெளியே எடுத்து இறக்கினார். சீவல் துண்டு துண்டாக விழுந்தது, கீறல்கள் நின்றன.

காரணத்தைத் தோழி பிறகு விளக்கினாள். டிரில்லுக்கு இரண்டு வெட்டுவிளிம்புகள். ஃபீட் 0.05 எனில் ஒவ்வொன்றும் எடுப்பது 0.025 மி.மீ. மட்டுமே. எந்த விளிம்பும் முழுக் கூர்மை உடையதன்று. அதற்கு ஒரு நுண்ணிய வளைவு உண்டு, மழுங்க மழுங்க அது பெரிதாகும். எடுக்கும் தடிமன் அந்த வளைவை நெருங்கும்போது விளிம்பு உலோகத்தை அறுப்பதற்குப் பதில் அழுத்தி உரசுகிறது. ஆழம் என்ற காரணியோ அவளுடைய அட்டவணையிலேயே இல்லை. சொரசொரப்பை அளக்கும் ஆர்ஏ என்ற எண்ணும் ஒரு சராசரிதான். ஒற்றைக் கீறல் அதில் கரைந்துபோகும், விரல்நகத்துக்குத் தப்பாது.

ஒரு சொல்லின் பொருள் மற்றச் சொற்களோடு அதற்குள்ள வேறுபாட்டில் இருக்கிறது என்பது என் துறையின் முதற்பாடம். அந்த வேறுபாட்டை ஒருவர் என் முன்னே நின்று சொன்னபோது நான் அதை அழித்து எழுதினேன்.

குறிப்பேட்டைத் திருத்திவிட்டேன். தோழி ஆழத்தையும் சேர்த்து மீண்டும் தொடங்கியிருக்கிறாள், ஆய்வேடு தள்ளிப்போகிறது. ஆனால் இன்னொன்று உறுத்துகிறது. என் ஆய்வேட்டில் அவர் ‘தகவலாளர் 7’. அவளுடையதில் ‘எந்திர இயக்குநர்’. தவறான விடையிலிருந்து எங்கள் இருவரையும் காத்தவருக்கு இரண்டிலும் பெயர் இல்லை. நன்றியுரையில் மட்டுமல்ல, முறையியல் இயலிலேயே பெயரைச் சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டோம்.

“பேரைப் போடறது இருக்கட்டும்மா. அடுத்த தடவ டிரில்லைச் சாணை பிடிக்க அரைமணி நேரம் குடுங்க” என்றார்.

புதிய சோதனைத் திட்டத்தில் அந்த அரைமணி நேரம் எழுதப்பட்டுவிட்டது. பெயரை எங்கே எழுதுவது என்பதை நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.