திடீர்க் கோபமும் தீராக் கோபமும்

மேடவாக்கம் கூட்டுரோட்டில் தாம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் உலகத்து வழக்குகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிடலாம். எங்கள் எதிர்வீட்டு மாமி ஒருநாள் கேட்டாள்: "ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று கோர்ட்டில் சொன்னால் தண்டனை குறையுமாமே? ஏண்டியம்மா, ஆத்திரம் ஆம்பிளைக்கு மட்டுந்தானா? தினம் அடி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாளே, அவள் கணக்கு எதில் சேர்த்தி?"

மாமி சட்டக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியவள் அல்ல. ஆனால் அவள் கேட்டது பெரிய நீதிபதிகளையே யோசிக்க வைத்த கேள்வி.

1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. கடுமையாகவும் திடீரென்றும் ஆத்திரமூட்டப்பட்டு, தன்னை மறந்த நிலையில், ஆத்திரமூட்டியவரைக் கொன்றுவிட்டால் அது 'கொலை' ஆகாது. அதைவிடச் சற்றுக் குறைந்த குற்றம். தூக்குத் தண்டனை கிடையாது. 'திடீரென்று' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். வில்லங்கமெல்லாம் அதில்தான்.

1959 ஏப்ரல் 27. பம்பாயில் கடற்படைக் கமாண்டர் நானாவதியிடம் அவர் மனைவி ஸில்வியா, பிரேம் அஹுஜா என்பவரோடு தனக்குள்ள உறவை ஒப்புக்கொண்டாள். நானாவதி என்ன செய்தார் தெரியுமா? மனைவி மக்களைச் சினிமாக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார். கப்பலுக்குப் போய் ரிவால்வரை வாங்கிக்கொண்டார். பிறகுதான் அஹுஜாவைத் தேடிப் போய்ச் சுட்டார். ஜூரிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் குற்றவாளியல்ல என்றார்கள். 1961 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ஒப்பவில்லை. இடையில் சுமார் மூன்று மணி நேரம் இருந்ததே, ஆத்திரம் ஆற அது போதாதா என்று கேட்டு, ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. (1964-ல் கவர்னர் மன்னித்தது தனிக் கதை.)

நானாவதிக்கு இந்தக் கணக்கு சரிதான். ஆனால் பத்து வருஷமாக உதைபடுகிறவளுக்கு? அவள் கோபம் பால் பொங்குகிற மாதிரி பொங்குவதில்லை. உமிக்குள் இருக்கும் நெருப்பு அது. மூன்று மணி நேரத்தில் ஆறுமா?

இந்த இடத்தில் நம் சென்னை ஹைகோர்ட்டை மெச்சத்தான் வேண்டும். கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்தாள் ஒரு தாய். குழந்தைகள் இறந்தன, அவள் பிழைத்துவிட்டாள். கொலைகாரி என்று கூண்டில் நிறுத்தினார்கள். 1989-ம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான அந்த வழக்கில், நீதிபதிகள் அவளிடம் கண்டது யாரைத் தெரியுமா? ஏழு குழந்தைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தாளே, அந்த நல்லதங்காளை! சட்டத்தில் 'திடீர்' என்று இருந்தாலும், நாள்பட்ட, தொடர்ந்த ஆத்திரமூட்டலையும் கோர்ட்டுகள் ஏற்று வந்திருக்கின்றன என்று சொல்லி, குற்றத்தைக் குறைத்தார்கள்.

குழந்தைகள் என்ன பாவம் செய்தன என்று கேட்பீர்கள். எனக்கும் நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிற விஷயம் அதுதான். ஆத்திரமூட்டியவன் புருஷன், செத்தது பச்சைப் பாலகர்கள். சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் அவளுக்கு இடமே இல்லை. கொல்வதாக நினைத்தா அவள் குதித்தாள்? தான் போன பிறகு இவைகளை யார் பார்ப்பார்கள் என்று நினைத்துக் குதித்தாள். நீதிபதிகள் அதைப் புரிந்துகொண்டது நியாயம் என்பதே என் அபிப்பிராயம்.

இங்கிலாந்திலும் இதே சங்கடம். கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண் பத்து வருஷம் அடிபட்டு, 1989-ல் தூங்கிக்கொண்டிருந்த கணவன்மேல் நெருப்பு வைத்தாள். அவன் இறந்தான், அவளுக்கு ஆயுள் தண்டனை. 1992-ல் அப்பீலில் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. ஆனால் ஆத்திரமூட்டல் என்ற காரணத்துக்காக அல்ல, அவள் மனநோயுற்றிருந்ததற்கு டாக்டர்கள் தந்த அத்தாட்சிக்காக! அடிபட்டதைவிட அத்தாட்சிக்கு மதிப்பு அதிகம் போலும். 2009-ல் போட்ட புதுச் சட்டத்தில்தான், நிதானம் இழந்தது 'திடீரென்று' இருக்க வேண்டியதில்லை என்று அந்நாட்டார் எழுதினார்கள்.

நம் நாட்டிலும் பழைய சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாயிற்று. கொலை 101-வது பிரிவுக்குக் குடிபோயிற்று. மாமிக்காக அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'திடீரென்று' அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறது.