ஓர்டருக்குச் சமைப்போர் பாத்திரம் வாங்கும்போது



வலீமாவுக்கும் இஃப்தாருக்கும் வீட்டிலிருந்தே ஓர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கும் பெண்கள் நம்மிடையே பலர். கடைக்குப் போனால் முதலில் விலையைப் பார்க்கிறோம், அடுத்துப் பளபளப்பைப் பார்க்கிறோம். அவற்றுக்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு.

ஒன்று, உலோகம். அலுமினியம் மலிவானது, சூடும் சீராகப் பரவும். ஆனால் புளியோ தக்காளியோ தேசிக்காயோ சேர்ந்த ஆணத்தை அதிலேயே விட்டு வைத்தால் உலோகம் உணவில் கரையும். அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே நல்லது. 18/8 என்றால் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல், இலகுவில் துருப்பிடிக்காது.

மற்றது, ஆழம். ஹோட்டல்களில் பாவிக்கும் முழுத் தட்டு 530 மி.மீ. நீளம், 325 மி.மீ. அகலம் கொண்டது. ஆழம் 65, 100, 150 மி.மீ. என வேறுபடும். நான் 65 மி.மீ. தட்டுகளைக் கேட்டபோது, "ராத்தா, ஆழமானதை எடுத்தால் கூடச் சோறு கொள்ளுமே!" என்றார் கடைக்காரர். உண்மைதான். ஆனால் மீந்த சோறு ஆழமான சட்டியில் மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் கிடக்கும். சமைக்கும்போது சாகாத பசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்திகள் அச்சூட்டில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆழமற்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் சோறு விரைவில் ஆறும். தாமதியாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம்.

சகோதரிகளே, நம்மை நம்பித்தான் பிறர் உண்கிறார்கள். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். அதைப் பேணுவது பாத்திரக் கடையிலேயே ஆரம்பமாகிறது.