அடி

இயன்முறை மருத்துவம் என்றால் எங்கள் கீரப்பாளையம் பக்கத்தில் கைகால் பிடித்துவிடுவது என்றே பொருள். என் தந்தையாரும் அப்படி எண்ணித்தான் சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினார்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். மூளையில் டோபமினைச் சுரக்கும் செல்கள் மெல்ல அழிவதால் வருவது. 1817இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் மருத்துவரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. நடுக்கத்தை எல்லோரும் அறிவர். எனக்கென்னவோ, கால்கள் உறைந்துபோவதுதான் அதனினும் கொடிது. வாசற்படியருகே வந்ததும் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும்; உடல் மட்டும் முன்னே சாயும். லெவோடோபா மாத்திரை உடம்பை இளக்கியதே தவிர, இந்த உறைதல் முழுதும் நீங்கவில்லை.

இயன்முறை மருத்துவரான அந்த இளம்பெண் அவரைத் தொடக்கூட இல்லை. தரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக வெள்ளை நாடாக்களை ஒட்டிவிட்டு, "கோட்டைத் தாண்டி வைங்க ஐயா" என்றார். வெறுந்தரையில் நகர மறுத்த கால், கோட்டைக் கண்டதும் உயர்ந்தது! நான் திகைத்துப்போனேன்.

நடத்தல் நாம் எண்ணாமலே நிகழ்வது. அப்படித் தானாக நிகழ்த்தும் மூளைப்பகுதி தளரும்போது, கண்ணோ காதோ தரும் குறிப்பு வேறொரு வழியில் காலை எழுப்புகிறது என்று விளக்கினார். தாளமும் உதவுமாம். மைக்கேல் தாட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தாளத்துக்கேற்ப நடந்து பயின்றவர்களின் வேகமும் அடியின் நீளமும் கூடியிருந்தன. சீர், அடி என்று வகுப்பில் ஓயாமல் சொல்லும் எனக்கு, செய்யுளுறுப்புக்குக் காலின் பெயரை வைத்தவர்கள்மீது மதிப்பு கூடிற்று.

'ஒன், டூ' என்று எண்ணச் சொன்னார்கள். அப்பாவுக்கு அது வாயில் வரவில்லை. களத்தில் நெல் அளந்தவர். "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கினார். கால் அதற்கு இசைந்தது.

மாத்திரை வேலைசெய்யும் நேரத்தில்தான் பயிற்சி. திரும்பும்போது வளைந்து திரும்ப வேண்டும். நடக்கையில் பேச்சுக்கொடுக்கக் கூடாது. உறைந்து நின்றால் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. இந்தக் கடைசி விதியை உறவினர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. அன்பினால் இழுத்து விழவைக்கிறார்கள். நோய் நின்றுவிடாது என்பது எங்களுக்குத் தெரியும். பயிற்சியை விட்ட வாரங்களில் நடை சுருங்குவதையும் பார்க்கிறோம்.

வாசற்படிக்கு முன்னே அம்மா முதலில் அரிசிமாவில் கோடிட்டார். எறும்புகள் தின்றுவிட்டன. இப்போது மஞ்சள் பெயிண்ட்.