விடுபட்ட அடைமொழி

2017 ஜூலை 12ந் தேதி விம்பிள்டன் காலிறுதியில் ஆண்டி மர்ரி, ஸாம் க்வெர்ரி என்ற அமெரிக்கரிடம் ஐந்து செட்களில் தோற்றார். கடைசி இரண்டு செட்கள் 6-1, 6-1. இடுப்பு வலியோடு ஆடினார். தோற்றாலும் நிருபர்கள் முன்னால் வந்து உட்கார வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. ஒரு நிருபர் கேள்வியை ஆரம்பித்தார்: 2009க்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் அரையிறுதிக்குப் போகும் முதல் அமெரிக்க ஆட்டக்காரர் க்வெர்ரி... மர்ரி குறுக்கிட்டு ‘ஆண் ஆட்டக்காரர்’ என்றார். நிருபருக்குப் பிடிபடவில்லை. மர்ரி மறுபடியும் சொன்னார். நிருபர் சிரித்துச் சமாளித்தார். மர்ரி சிரிக்கவில்லை. அவ்வளவுதான் சம்பவம்.

இதை நான் மறுநாள் கிளையில் மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு சக ஊழியரின் போனில் பார்த்தேன். ‘செம பதில்’ என்றார் அவர். நானும் தலையாட்டினேன். சங்கடம் பிற்பாடுதான் வந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் கணக்கு. 2009க்கும் அந்த நாளுக்கும் இடையில் ஸெரீனா வில்லியம்ஸ் மட்டும் ஒற்றையரில் 12 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றிருந்தார். வீனஸ் வில்லியம்ஸ் அதே விம்பிள்டனில் முந்தைய நாள்தான் அரையிறுதிக்குப் போயிருந்தார். அந்த நிருபருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. டென்னிஸ் எழுதிப் பிழைக்கிறவருக்கு ஸெரீனாவைத் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. அவரிடம் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. ‘ஆட்டக்காரர்’ என்ற சொல்லை அவர் எடுத்தபோது அதற்குள் ஸெரீனா இல்லை. கோளாறு அங்கேதான். சொல்லின் நடு வீடு ஆணுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது; பெண் வரவேண்டுமானால் அடைமொழி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு திண்ணை வழியாக வரவேண்டும்.

இது ஒரு நிருபரின் வாய் தவறியதல்ல. 2013ல் மர்ரி விம்பிள்டன் வென்றபோது பிரிட்டனின் 77 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது என்று எழுதினார்கள். 1936ல் ஃப்ரெட் பெர்ரி வென்றதிலிருந்து எண்ணிய எண்ணிக்கை அது. 1937ல் டாரத்தி ரௌண்ட் வென்றார். 1961ல் ஏஞ்ஜலா மார்ட்டிமர். அந்த வருஷம் இறுதியில் எதிரே நின்றவரும் பிரிட்டிஷ்காரர்தான். 1969ல் ஆன் ஜோன்ஸ். 1977ல், விம்பிள்டனின் நூறாவது ஆண்டில், ராணி வந்து பார்த்துக்கொண்டிருக்கையில், வர்ஜீனியா வேட். நான்கு பேர் வென்ற பிறகும் ஒரு தேசம் காத்துக்கொண்டே இருந்தது என்றால் அது எதற்காகக் காத்திருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழில் இதே விஷயம் இன்னும் சூட்சுமமாக நடக்கிறது. ‘வீரர்’ என்பதிலுள்ள ‘அர்’ இலக்கணப்படி இருபாலுக்கும் பொது. ஆனால் நம் தினசரிகளின் விளையாட்டுப் பக்கத்தில் வீரர் என்றால் ஆண். பெண் வீராங்கனை. உலகக் கோப்பை என்றால் ஆண்களுடையது. மற்றது மகளிர் உலகக் கோப்பை. வீராங்கனை என்ற சொல்லில் மரியாதை இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். மரியாதை செய்து தனிப் பந்தியில் உட்கார வைப்பது நமக்குப் பழக்கமான காரியம்தான். நம் சிறிய வட்டமும் விலக்கல்ல. பத்தாண்டுக் கவிதையைப் பற்றி இருபது பக்கம் எழுதுகிறவர், முடிவதற்கு முந்தைய பாராவில் ‘பெண் கவிஞர்கள்’ என்று ஆறு பெயர்களை அடுக்கிவிட்டு மேலே போவார். நானும் போயிருக்கிறேன்.

மர்ரிக்கு இது முதல் தடவையும் அல்ல. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்ஸ் இறுதியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆடி டெல் போத்ரோவை வென்றார். பி.பி.சி.யின் ஜான் இன்வர்டேல், ஒலிம்பிக் டென்னிஸில் இரண்டு தங்கம் வென்ற முதல் மனிதர் நீங்கள்தான் என்று ஆரம்பித்தார். ஒற்றையர் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் ஆள் நான். ஆனால் வீனஸும் ஸெரீனாவும் ஆளுக்கு நான்கு தங்கம் போல வென்றிருக்கிறார்கள் என்றார் மர்ரி. எண்ணிக்கை சரி. இரட்டையரைச் சேர்த்தால் ஆளுக்கு நான்கு.

பதினொரு வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது வேறு மாதிரிப் படுகிறது. கணக்கில் நூறு ரூபாய் குறைந்துவிட்டால் மறுநாள் காலை கதவு திறப்பதற்கு முன் வந்து நிற்கிறவர்கள் அநேகம். தன்னுடையதல்லாத ஐயாயிரம் தவறாக வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்று பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் என் அனுபவத்தில் இரண்டே பேர். மர்ரி அந்த இரண்டாவது ரகம். அவர் பேரில் தவறாக வைக்கப்பட்ட வரவை அவரே காட்டித் திருப்பிக்கொடுத்தார்.

ஆனால் இந்த உவமையை இங்கே நிறுத்திக்கொள்வது எனக்கு வசதி, நேர்மையல்ல. அந்த இரண்டு பேரைப் பற்றிக் கிளையில் பல நாள் சிலாகித்துப் பேசினோம். நூறு ரூபாய் குறைகிறது என்று வந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை; அவர்களிடம் எரிந்து விழுந்தோம். அவர்கள் சொன்னதும் சரியான கணக்குதான். மர்ரி பேசியதற்கு மூன்று வாரம் முன்பு, 2017 ஜூனில், உலகக் கோப்பை தொடங்குவதற்கு முன்னால் மிதாலி ராஜிடம் உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட் ஆட்டக்காரர் யார் என்று கேட்டார்கள். ஓர் ஆணிடம் போய் உனக்குப் பிடித்த பெண் ஆட்டக்காரர் யார் என்று கேட்பீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு முந்தைய வருஷம் ஸானியா மிர்ஸாவிடம் எப்போது வாழ்க்கையில் செட்டிலாவது, குழந்தை எப்போது என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். நான் செட்டிலாகவில்லை என்றா நினைக்கிறீர்கள் என்று அவர் மடக்கினார். கேட்டவர் அங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இவர்கள் சொன்னதும் மர்ரி சொன்னதும் ஒரே விஷயம். பெண் சொன்னால் சூடான பதில். ஆண் சொன்னால் பெருந்தன்மை. திருத்தத்திலும் ஆணுக்குத் தனி வரவு. என் நண்பர் ‘செம பதில்’ என்றபோது நானும் அந்த வரவைத்தான் வைத்தேன்.

அப்படியானால் ஆண்கள் பேசவேண்டாமா? பேசத்தான் வேண்டும். 2018 டிசம்பரில் பெண்களுக்கான முதல் பாலோன் தோர் விருதை வாங்க மேடையேறிய கால்பந்து ஆட்டக்காரர் அடா ஹெகர்பெர்கிடம், இடுப்பை ஆட்டி ஒரு நடனம் ஆடத் தெரியுமா என்று கேட்டார் நிகழ்ச்சி நடத்தியவர். ம்பாப்பேயிடமும் மோத்ரிச்சிடமும் என்ன கேட்டார்கள் என்று எழுதினார் மர்ரி. அந்தக் கேள்வி ஓர் ஆணிடமிருந்து வருவதில் ஒரு பிரயோஜனம் இருக்கிறது. அந்த அறையில் சிரிக்கிறவர்கள், அவனும் தங்களோடு சேர்ந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பேசினார் என்பதல்ல, அவரால் எப்படி உடனே பேச முடிந்தது என்பது. தோற்றுப்போய், வலியோடு உட்கார்ந்திருக்கிறவன் தத்துவம் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்குச் சிறு வயதில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் தாயார் ஜூடி மர்ரி. 2014 ஜூனில் அமெலி மொரெஸ்மோவைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். மொரெஸ்மோ 2006ல் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் விம்பிள்டனையும் வென்றவர். மர்ரி தோற்றபோதெல்லாம் பழி மொரெஸ்மோ மேல் விழுந்தது. முந்தைய பயிற்சியாளர்களுக்கு இது நேர்ந்ததில்லை என்று மர்ரியே பிறகு சொன்னார். 2015ல் களிமண் தரையில் அவருக்கு முதல் பட்டங்கள் கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். பெண்கள் ஆடுவதைப் பார்த்து, பெண்களிடம் கற்று, எண்ணிக்கையை மனதில் வைத்திருந்தவர் அவர். ‘ஆண்’ என்ற அந்த ஒற்றைச் சொல் கொள்கையிலிருந்து வரவில்லை. பார்த்திருந்ததிலிருந்து வந்தது.

இனி என் சங்கடம். 2016ல் எங்கள் மண்டல அலுவலகம் ஊழியர்களுக்கு டேபிள் டென்னிஸ் போட்டி நடத்தியது. பி.ஏ. இங்கிலீஷ், பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்பதால் செய்தி மடலுக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆண்கள் பிரிவில் வென்றவரைப் பற்றி அவருடைய இடது கை ஸர்வீஸ், கடைசி கேமில் அவர் மேஜையை விட்டு விலகி நின்று ஆடியது எல்லாம் எழுதினேன். பெண்கள் பிரிவில் வென்றவர் என் கிளையிலேயே அடுத்த கவுண்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரைப் பற்றி, இரண்டு குழந்தைகளையும் வீட்டையும் கவனித்துக்கொண்டே இச்சாதனையைப் புரிந்தார், கணவரின் ஊக்கமே காரணம் என்று எழுதினேன்.

மடல் வந்த அன்று மாலை கணக்கு முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

‘சார், நீங்க ஃபைனலுக்கு வந்திருந்தீங்கல்ல?’

‘வந்திருந்தேன் மேடம்.’

‘மூணாவது கேம்ல நான் என்ன பண்ணேன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்.’

‘பாராட்டித்தானே மேடம் எழுதியிருக்கேன்.’

‘பாராட்டுதான் சார்’ என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதே மாதம் நான் ஒரு கவிதையில் ஒரு வரி ஏன் பாதியில் முறிகிறது என்பதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

2024ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸோடு மர்ரி ஆட்டத்திலிருந்து விலகினார். அவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் அந்த மடலைத் தேடி எடுத்தேன். குறைந்தபட்சம் அந்தப் பாராவையாவது சரியாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆண்கள் இறுதி ஆட்டம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவருடைய மூன்றாவது கேம் ஞாபகம் இல்லை. மறந்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை. பார்த்ததைத்தானே மறக்க முடியும். நான் அந்த அறையில் அரை மணி நேரம் இருந்தேன். கணவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் எப்படிக் கைதட்டினார்கள் என்பது நினைவிருக்கிறது. பந்து எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அடைமொழியைச் சேர்ப்பதும் நீக்குவதும் சுலபம். பார்க்காத ஆட்டத்தை எந்தத் திருத்தத்தாலும் எழுத முடியாது.

அவர் இப்போது வேறு ஊர்க் கிளையில் இருக்கிறார். தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். குசலம் விசாரித்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

‘நாலு-ஒம்போதுல பின்தங்கியிருந்தேன் சார். பேக்ஹாண்ட் அடிக்கிறதை நிறுத்திட்டேன். பந்தை நெட்டுக்குப் பக்கத்துலயே குட்டையா வெச்சேன். அவங்க உயரம், குனிஞ்சு குனிஞ்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. ஏழு பாயிண்ட் வரிசையா எடுத்தேன்.’ பிறகு, ‘இப்ப எதுக்கு சார் இது?’ என்று கேட்டார்.

‘எழுதறதுக்குத்தான் மேடம்.’

‘அங்க யாரு சார் டேபிள் டென்னிஸ் படிக்கப் போறாங்க?’ என்று சிரித்தார்.

படிக்கிறார்களோ இல்லையோ, பதிவு இருக்கட்டும். பெண்கள் இறுதி ஆட்டத்தில் மூன்றாவது கேமில் 4-9 என்று பின்தங்கியிருந்தவர், பந்தைக் குட்டையாக வைத்து, தொடர்ந்து ஏழு புள்ளிகள் எடுத்து 11-9 என்று வென்றார்.