காரில் ஒட்டியது மரத்துப் பாலா, பூச்சிக் கழிவா?

‘மாமரத்தடியில் கார் நிறுத்துகிறேன். மரத்துப் பால் சொட்டி பெயின்ட் முழுக்கப் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. எதைப் போட்டால் போகும்?’

தை, மாசி மாதங்களில் இந்தக் கேள்வி எனக்கு வராமல் இருப்பதில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்பு இதை யாரும் கேட்டதில்லை. இப்போது மயிலம் பக்கத்துக் கிராமங்களில் டிராக்டருக்குப் பக்கத்தில் ஒரு காரும் நிற்கிறது. வெயிலுக்கு மா, வேம்பு, புளி, தென்னையை விட்டால் வேறு நிழல் இல்லை. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காட்டில் இருந்து வந்தது என்பார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் போய் மரத்தடியில் வண்டி நிறுத்தாதீர்கள் என்று சொன்னால் எடுபடுமா?

போன ஆண்டு மாசியில், மயிலத்துக்கு அருகே ஒரு விவசாயியின் மணிலா வயலைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் வீட்டு வாசலில் இருபது வயது மாமரம். அதன் கீழே மகன் வாங்கிய வெள்ளை கார். பானெட்டில் ஒரு சாண் அகலத்துக்குப் பளபளப்பு போய் மங்கிக் கிடந்தது. பிசின் போகவில்லை என்று பெட்ரோல் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்திருக்கிறார்கள்.

“மரத்தை வெட்டிடலாம்னு இருக்கேன் சார். ரெண்டு வருஷமா காய்ப்பும் இல்ல, காருக்கும் கேடு” என்றார். வெட்ட ஆளும் சொல்லிவிட்டாராம்.

கார் கண்ணாடியில் இருந்த துளியை ஈரத்துணியால் தொட்டேன், உடனே கரைந்துவிட்டது. மாம்பால் அப்படித் தண்ணீரில் கரையாது. தாழ்வாக இருந்த பூங்கொத்தை அசைத்ததும் படபடவென்று சத்தம் கேட்டது. ஆப்பு வடிவில், நெல்மணியைவிடச் சிறிய தத்துப்பூச்சிகள் கூட்டமாகக் குதித்தன.

“ஐயா, இது மரம் விட்ட பால் இல்ல. பூச்சி விட்ட கழிவு” என்றேன்.

மரச்சாற்றில் சர்க்கரை அதிகம், புரதச்சத்து குறைவு. தனக்கு வேண்டிய புரதத்துக்காகப் பூச்சி சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மிஞ்சும் சர்க்கரையைத் தேன் மாதிரி சொட்டுச்சொட்டாகக் கழித்துவிடும். இலையில் விழுந்த துளியில் கரும்பூஞ்சணம் படர்கிறது. காரில் விழுந்தது வெயிலில் காய்ந்து பிசினாகிறது. சாறு போன பூ கருகிக் கொட்டுகிறது. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்ப்பது மாவின் குணம்தான். ஆனால் தொடர்ந்து இரண்டு வருஷம் பூ எடுத்தும் பிஞ்சு நிற்கவில்லை என்றால் தத்துப்பூச்சியையும் சந்தேகப்பட வேண்டும். அவர் சொன்ன இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றாகவே இருந்தது. ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இனி காருக்கு வருகிறேன். வண்டியை நிழலில் நிறுத்தி, சூடு தணிந்த பிறகு தொடுங்கள். பூச்சிக் கழிவுக்கு சோப்புத் தண்ணீரே போதும். காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைத்துக் கழுவுங்கள். வேம்பு, கருவேலம் பிசினும் தண்ணீரில் ஊறி இளகும். அதற்குத் துணி இன்னும் கொஞ்ச நேரம் கிடக்க வேண்டும். மாம்பால், பலாப்பால் கதை வேறு. பண்ருட்டியில் பலா அறுப்பவர்கள் கத்தியில் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே வைத்தியம்தான். தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு மெதுவாகத் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதற்கும் மசியாவிட்டால், கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் வீட்டில் மிச்சம் இருக்கும். கண்ணில் படாத மூலையில் தடவிப் பார்த்து, பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பெட்ரோல், தின்னர், பிளேடு, கம்பி நார் வேண்டவே வேண்டாம். நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு ஒரு தலைமுடிக் கனம்கூட இருக்காது. அதைத் தேய்த்துவிட்டால் பெயின்டர் கடைதான்.

எவ்வளவு கழுவினாலும் மரத்தைக் கவனிக்காவிட்டால் மறுநாளும் சொட்டும். அறுவடை முடிந்ததும் நெருக்கமான உள்கிளைகளைக் கழித்து வெயிலும் காற்றும் உள்ளே போக விடுங்கள். பூங்கொத்து தலைகாட்டும்போதே லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்கலாம். (அன்றைக்குக் காரைத் தள்ளி நிறுத்துங்கள்!) முழுப்பூவில் மருந்தடிக்காதீர்கள், மகரந்தம் சேர்க்க வரும் ஈயும் தேனீயும் செத்துவிடும். பூச்சி மிக அதிகமாக இருந்தால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மருந்து வாங்குங்கள். இலையில் படிந்த கறுப்புக்கு, 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, 20 லிட்டராகப் பெருக்கித் தெளித்தால் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துவிடும். மேகமூட்டமான நாளில் தெளிக்க வேண்டாம்.

தென்னைக்கடியில் நிற்கும் கார் பிசுபிசுத்தால் அது அநேகமாகச் சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தெரியவந்த பூச்சி இது. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைக் கட்டுங்கள். ரசாயன மருந்துக்குப் போகாதீர்கள்; இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து மடிந்துவிடும்.

இதுபற்றிக் கேள்வி எழுதுகிறவர்கள் என்ன மரம், எந்த மாதம், துளி தண்ணீரில் கரைகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.