மிஸ்ஸிங் அடித்த கார்... வேப்பமரத்தடி வைத்தியம்! - எம்.ரெட்டியபட்டியில் ஒரு மதியம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் வந்தால் அருப்புக்கோட்டை. அங்கே பெரிய ரோட்டை விட்டு எம்.ரெட்டியபட்டி பக்கம் வண்டியைத் திருப்பினால், லாரிச் சத்தம் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் கரிசல் காடு. நான் போனது சித்திரை வெயிலில். விரல் நுழையும் அளவுக்கு மண் வெடித்துக் கிடந்தது. எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம். தூரத்தில் கரிமூட்டப் புகை.

அந்த அமைதியில்தான் என் கார் திக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓர் உதறல். மேட்டில் ஏறும்போது இரண்டு உதறல். டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னியது.

மறுநாள் காலை அம்மாச்சியைக் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்கு அழைத்துப் போக வேண்டும். 7 மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மாச்சிக்கு மூட்டுவலி. பஸ் படி ஏற முடியாது. 'அதெல்லாம் என் கார்ல போயிடலாம்' என்று சென்னையிலிருந்து போனில் வீறாப்பாகச் சொன்னவன் நான்தான்!

ஒரு மாதத்துக்கு முன்பே லேசாக உதறியது. அப்போது ஒரு சர்வீஸ் சென்டரில், காரைத் திறந்துகூடப் பார்க்காமல் 'மூணு காயிலையும் மாத்திடுங்க' என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். தொகையைப் பார்த்ததும், பிறகு பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மாமா எழுந்து வந்தார். முப்பது வருஷம் பம்ப்செட் இன்ஜினும் டிராக்டரும் பிரித்து மாட்டியவர். சைலன்ஸர் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். சீராக வர வேண்டிய சத்தத்தில் நடுநடுவே ஒரு 'தட்' விழுந்தது.

"மிஸ்ஸிங் அடிக்குது மாப்ள. லைட்டு மின்னுச்சா?"

"ஆமா மாமா."

"மின்னுனா ஓட்டாத. ஓரங்கட்டணும். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், அங்க இருக்குற கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துடும். அப்புறம் அந்தச் செலவை நீ தாங்க மாட்ட."

என் கார் மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால், ஒவ்வொரு சிலிண்டரும் 400 தடவை வெடிக்க வேண்டும். அதில் ஒன்று தவறினாலும் உதறல்தான். வெடிப்பதற்குக் காற்று, பெட்ரோல், பொறி, அழுத்தம் என நான்கும் வேண்டும். எது குறைகிறது என்பதுதான் கேள்வி.

"கரிசப் புழுதி ஏறி ஏர் ஃபில்டர் அடைச்சிருக்குமோ?" என்றேன். "எத்தனால் கலந்த பெட்ரோலாலதான்" என்றான் மாமா மகன். மாமா தலையாட்டவில்லை. "அது ரெண்டும்னா மூணு சிலிண்டரும் தடுமாறணும்டா. முதல்ல எது மிஸ்ஸிங்னு பாரு."

மாமா மகன் ஆக்டிங் டிரைவர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு ஸ்கேனரைச் சொருகி, போனில் ஆப்பைத் திறந்தான். 'பி0302' என்று வந்தது. மிஸ்ஸிங் கோடுகள் 'பி03'-ல் தொடங்கும். கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். அப்படியானால் இரண்டாவது சிலிண்டர்!

"அப்ப ரெண்டாவது காயிலை மாத்திடலாமா மாமா?"

"மோட்டார் தண்ணி எடுக்கலைன்னா உடனே மோட்டாரையா மாத்துவோம்? ஃபுட்வால்வைப் பார்க்க மாட்டோம்? இடத்தை மாத்திப் போடு. நோய் கூடவே போகுதான்னு பாரு."

இன்ஜின் ஆறும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். ஓடும்போது காயில் வயரைப் பிடுங்கிப் பார்ப்பதெல்லாம் பழைய வண்டிக்கு. பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுவது காயில். ஷாக் அடித்தால் தாங்காது.

சூடு ஆறியதும் இரண்டாவது காயிலை மூன்றிலும், மூன்றாவதை இரண்டிலும் மாட்டினோம். பழைய கோடை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டோம். மறுபடியும் பி0302. காயில் இடம் மாறியும் நோய் நகரவில்லை. காயில் நிரபராதி! அந்த எஸ்டிமேட் நினைவுக்கு வந்தது.

மீண்டும் ஆறவிட்டு, அடுத்து பிளக். காயிலை எடுத்ததும் பிளக் குழியைச் சுற்றி ஒரே புழுதி. மாமா சைக்கிள் பம்ப்பை எடுத்துவந்து ஊதித் தள்ளினார். பிளக்கைக் கழற்றும்போது மண் உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுவரைக் கீறிவிடுமாம். இரண்டாவது பிளக்கை ஒன்றிலும், ஒன்றாவதை இரண்டிலும் மாற்றினோம். இந்த முறை பி0301. நோய் பிளக்கோடு நகர்ந்துவிட்டது!

அந்தப் பிளக்கைத் துடைத்து வெயிலில் காட்டினார் மாமா. வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல். பொறி நுனிக்கு வராமல் அந்த விரிசல் வழியாகக் கசிந்திருக்கிறது. மேட்டில் இழுக்கும்போது சிலிண்டரில் அழுத்தம் கூடும், பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். அதனால்தான் மேட்டில் உதறல் அதிகம்.

மாமா மகன் பழைய பிளக்கையே சாம்பிளாக எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு பைக்கில் போய், அதே நம்பரில் மூன்று வாங்கிவந்தான். ஒன்று போனால் மற்றவற்றுக்கும் வயசாகியிருக்கும் என்பதால் மூன்றையும் மாற்றுவதுதான் முறை. முதலில் கையாலேயே மரை ஏற்றிவிட்டு, கடைசியில்தான் ஸ்பேனர். இன்ஜின் தலைப்பகுதி அலுமினியம். முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை போய்விடும்.

செலவு ஆயிரம் ரூபாய்க்குள். "பிளக்கும் இல்லைன்னா?" என்று கேட்டேன். "இன்ஜெக்டர், காத்துக் கசிவு, கம்ப்ரஷன்னு போகும். அதுக்கு ஒர்க் ஷாப்தான். நமக்குத் தெரிஞ்சது எதுவரைன்னும் தெரியணும் மாப்ள" என்றார்.

மறுநாள் விடிகாலை 4.30-க்குச் சாவியைத் திருப்பினேன். அம்மாச்சி பின்சீட்டிலிருந்து, "வண்டி ஓடுதா, இல்ல தூங்குதா?" என்றார். அந்த அளவுக்குச் சீரான சத்தம். 7 மணிக்கு முன்பே மதுரை.

அடுத்த நாள் கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பினோம். எம்.ரெட்டியபட்டி நெருங்கியபோது அம்மாச்சி கண்ணாடியை லேசாகத் தூக்கி ஜன்னல் வழியே பார்த்தார்.

"ஏய்யா... நம்ம மண்ணு இம்புட்டுக் கறுப்பா?"